தக்காளி டைமர், மூனு வருசத்துக்கு மேல பாவிச்ச பிறகு

போன வாரம் ஹட்டன்ல வாட்ச் திருத்துற கடையில 600 ரூபா குடுத்து இந்த தக்காளி டைமர திருத்திக்கிட்டு வந்தேன், புதுசா வாங்குனப்பவே 850 தான். கடைக்கார அண்ணன் திருப்பித் திருப்பி பார்த்துட்டு, "இது குசினியில வக்கிற சாமான் தானே டீச்சர், இதுக்கா செலவு பண்றீங்க"ன்னாரு. அன்னைக்கு ராவே கூட எம்.ஏ. படிக்கிற தங்கச்சி ஒன்னு, "அக்கா அந்த தக்காளி நல்லதா, நானும் வாங்கவா"ன்னு வொய்ஸ் போட்டிருந்தா. அவளுக்குத்தான் இது.

25 நிமிசம் படிப்பு, 5 நிமிசம் பிரேக், நாலு தரத்துக்கு ஒருக்கா பெரிய பிரேக், இந்த பொமொடோரோ முறை அவளுக்கே தெரியும். 1980கள் கடைசியில பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர், கெம்பஸ்ல படிப்பு ஓடாம தக்காளி மாதிரி ஒரு குசினி டைமர முறுக்கி வச்சி தொடங்குனது. இத்தாலி பாசையில பொமொடோரோன்னா தக்காளி. என்னோடதும் தக்காளி தான், பச்சை காம்பு ஒடஞ்சி போச்சி.

வாங்குனது 2022ல, இலங்கையில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுன காலம். அதுக்கு முந்தி போன்ல மரம் வளர்க்கிற ஆப் வச்சிருந்தேன், சார்ஜ் எறங்குனா மரமும் இல்ல படிப்பும் இல்ல. இதுக்கு பெட்டரியே வேணாம், முறுக்கிவிட்டா ஓடும். மெழுகுதிரி வெளிச்சத்துல பழைய பரீட்சை பேப்பர வச்சிக்கிட்டு இருக்கப்ப டிக் டிக்னு ஓடுமே, போன் பக்கம் கையே போகாது, பள்ளிக்கூடத்துல அதிபர் சேர் முதுகுக்கு பின்னால வந்து நிக்கிற மாதிரி. அப்ப எழுதுன பரீட்சை பாஸானதுல பாதி இதுக்குத்தான் சேரும், பொய் சொல்லக்கூடாது.

எரிச்சல் பிரேக்குல தான். இந்த ஸ்ப்ரிங் டைமர நேரா 5ல வக்க ஏலாது. கொஞ்சமா திருப்புனா ஸ்ப்ரிங் ஏறாது, மணி அடிக்காமலே நின்னுரும். முதல்ல 20 தாண்டி முறுக்கி, பிறகு பின்னுக்கு திருப்பி 5க்கு கொண்டு வரணும். கேக்க சின்ன விசயம், ஆனா மார்கழி குளிர்ல வெரல் வெறச்சி கெடக்கிற நேரம் யாரு முறுக்குறது? அஞ்சு நிமிசம் தானேன்னு அடுப்படிக்கு போவேன், பிளேன்டி ஊத்துவேன், அம்மா அன்னைக்கு தோட்டத்துல தேயிலை கொழுந்து நிறுத்தப்ப எத்தன கிலோ கழிச்சாங்கன்னு தொடங்குவாங்க, அதுக்கு நானும் சேர்ந்து ஏசுவேன், பிறகு ரெண்டு ஸ்டேட்டஸ், வந்து பார்த்தா முக்கா மணித்தியாலம் போயிருக்கும். படிக்க ஒக்காந்தா நான் படிச்சிருவேன், எந்திரிச்சா தான் கெட்டேன். எந்திரிச்ச பிறகு இழுத்து வர்றதுக்கு இந்த சாமானால ஒன்னும் ஏலாது.

மணிச்சத்தம் வேற. தோட்டத்து லயத்துல ரெண்டு வீட்டு காம்பராவுக்கு நடுவுல என்ன சுவரு இருக்கு? பக்கத்துல கைப்புள்ள எந்திரிச்சி அழுவும், அதனால கம்பளி சால்வையில சுத்தி அரிசி டின்னுக்குள்ள வக்கிறேன். திருத்துன பிறகு 25ன்னு வச்சா 27 ஓடுது, அதையும் சொல்லிறணும்.

அதனால தங்கச்சி, வாங்காத. 25ம் 5ம் தானா மாறி மாறி ஓடுற ஆப் சும்மாவே கெடைக்குது. என்னோடத ரெண்டு நாளைக்கு தாங்கன்னும் கேக்காத, எக்ஸாம் முடியட்டும்.