புது ஃப்ரிட்ஜ்: உடனே தவணையா, ஒரு வருஷ ஆர்டியா?

ஆடித் தள்ளுபடியில் கடைப்பையன் கதவைத் திறந்து காய்கறித் தட்டை இழுத்துக் காட்டியதும், 36,000 ரூபாய்தானே, மாதம் 3,000 கட்டிவிடலாம் என்று கிரெடிட் கார்டை நீட்டிவிட்டேன். வட்டியில்லாத் தவணையாம். கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் பிராசஸிங் கட்டணம், அப்புறம் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது.

அதே 3,000ஐ ஆர்டியில், அதாவது வங்கியில் மாதாமாதம் போடும் தொடர் வைப்பில் போட்டால் 12 மாதத்தில் அசலோடு வட்டியும் நம் கைக்கு வரும். அதைவிடப் பெரிய லாபம், இவ்வளவு பெரிசு வேணுமா என்று யோசிக்க அவகாசம் கிடைப்பது. வீட்டில் மூன்றே பேர், கீழ்த்தட்டு எப்போதும் காலி. பழையது அடியோடு நின்றுபோனால் தவணை சரி. வாஷிங் மெஷினுக்கு இப்போது ஆர்டிதான், ஐந்தாவது மாதம் ஓடுகிறது.