பலகையா, சட்டமா, இழுப்பறையா: பழைய ஓக் பேழைகளில் எதை வீட்டுக்கு எடுப்பது?

இங்கிலாந்தின் ஏலக்கூடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் 17ஆம் நூற்றாண்டு ஓக் பேழைகள் இன்றும் கிடைக்கின்றன. ஏறக்குறைய நான்கடி நீளம், இரண்டடியை ஒட்டிய உயரம், கறுத்து மெருகேறிய முகப்பு, அதில் அரைவட்ட வரிசைகளும் பின்னல்களும் பூக்களுமாகச் செதுக்கல் வேலை என்று அவை நிற்கும்போது கண் முதலில் செதுக்கலுக்குத்தான் போகிறது. விற்பவரும் அதைத்தான் முதலில் காட்டுகிறார். ஆனால் பேழையை வீட்டில் வைத்துப் புழங்கப்போகிறவர் செதுக்கலைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. பலகைகள் எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கின்றன, மரம் சுருங்கவும் விரியவும் தச்சர் இடம் விட்டாரா, மூடி எப்படிப்பட்டது என்ற மூன்றையும் பார்த்தாலே அந்தப் பேழை போர்வைக்கு உதவுமா, உட்காருவதற்கு உதவுமா, அழகுக்கு மட்டும்தானா என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கண்ணோட்டத்தில் ஒப்பிடத் தக்கவை மூன்று வகைகள்: ஆணியடித்துச் சேர்த்த பலகைப் பேழை, சட்டமிட்டு இடையில் பலகை செருகிய பேழை, அடியில் இழுப்பறை வைத்த பேழை. பழைய சாதாரணப் பேழையின் மேல் 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கியவையும் சந்தையில் கலந்து நிற்பதால் அவற்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

அலமாரி பரவுவதற்கு முந்தைய ஆங்கிலேய வீட்டில் பேழைதான் துணி வைக்கும் இடம், பணம் வைக்கும் இடம், பத்திரம் வைக்கும் இடம். நாற்காலி அரிதாயிருந்த வீடுகளில் அதுவே இருக்கையும் ஆயிற்று. தேவாலயங்களிலும் இதே கதைதான். 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்திலும்) திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை இரண்டு பூட்டுள்ள பேழையில் வைக்கச் சொன்னது. 1603ஆம் ஆண்டுத் திருச்சபை விதிகள் அதை மூன்று பூட்டாக்கின. பாதுகாப்புக்கு ஓக்கை நாடியதற்குக் காரணம் அதன் வைரம் பாய்ந்த நடுமரத்தின் கடினமும், ஈரத்தையும் பூச்சியையும் எளிதில் அண்டவிடாத தன்மையும்தான்.

முதல் வகையான பலகைப் பேழையில் ஆறே பலகைகள்: முன், பின், இரு பக்கங்கள், அடி, மூடி. பக்கப் பலகைகள் இரண்டும் கீழே நீண்டு கால்களாகின்றன. அவற்றின் நடுவில் முக்கோணமாகவோ வளைவாகவோ ஒரு வெட்டு இருக்கும். முன்பலகையில் மர ரேகை கிடையாக ஓடும், பக்கப் பலகையில் செங்குத்தாக ஓடும், இரண்டையும் இரும்பு ஆணி இறுக்கிப் பிடித்திருக்கும். குறை இங்கேதான் தொடங்குகிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதேயில்லை, அகலவாக்கில் சுருங்குகிறது. முன்பலகை உயரவாக்கில் சுருங்கப் பார்க்கும்போது சற்றும் அசையாத பக்கப் பலகையில் ஆணி அதைப் பிடித்து வைத்திருப்பதால், அது எங்காவது பிளந்துதான் தீர வேண்டும். ஆகவே பழைய பலகைப் பேழையின் முகப்பில் ஒரு நீண்ட வெடிப்பு இருந்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இல்லாவிட்டால்தான் காரணம் கேட்க வேண்டும். ஆணியைச் சுற்றி மரம் நீலங்கலந்த கறுப்பாகக் கறைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓக்கிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. பல நூற்றாண்டுகள் மரத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் ஆணியைச் சுற்றி மரம் வெளுப்பாகவே இருந்தால் அந்த ஆணி பிற்காலத்தது என்று ஐயப்படலாம்.

வெடிப்பு வழியே தூசியும் அந்துப்பூச்சியும் நுழையும் என்பதால் கம்பளித் துணிக்கு இந்தப் பேழையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் இதற்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு: மூடி பெரும்பாலும் ஒரே அகலப் பலகையாக, சமதளமாக இருக்கும். கூடத்தில் தாழ்வான மேசையாகப் பயன்படுத்தவும், வாசல் நடையில் உட்கார்ந்து காலணி மாட்டவும் மூன்று வகைகளிலும் இதுதான் வசதி. விலையும் மற்ற இரண்டைவிடப் பொதுவாகக் குறைவு.

சட்டப் பேழை வேறு கைத்தொழிலின் பிள்ளை. லண்டனில் தச்சர்களுக்கும் இணைப்பு வேலை செய்யும் நுண்தச்சர்களுக்கும் நடந்த வழக்கில், நகர ஆட்சிமன்றம் 1632இல் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. சட்டமிட்டும் மரமுளை அடித்தும் பசையிட்டும் செய்யும் பேழைகள் நுண்தச்சர் பக்கம் போயின. அந்தப் பிரிவினைக்குப் பின்னால் இருந்த நுட்பம் இன்றைக்கும் பயன் தருகிறது. நிமிர்சட்டங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் உட்புறம் பள்ளம் வெட்டி, அதற்குள் பலகையைச் செருகி, ஆணியோ பசையோ இல்லாமல் விட்டுவிடுவார்கள். குளிர்காலத்தில் பலகை சுருங்கினாலும் பள்ளத்துக்குள்ளேயே சுருங்கும். கோடையில் விரிந்தாலும் அங்கேயே விரியும். வெடிப்பு விழக் காரணமே இல்லாமற்போகிறது.

சட்டங்களின் இணைப்பை நெருங்கிப் பார்ப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. ஒரு சட்டத்தின் முனையில் நாக்குப்போல் மெலிதாகச் சீவிய கழுந்தை மற்றதன் துளைக்குள் செருகி, இரண்டையும் ஊடுருவி மரமுளை அடிப்பார்கள். கழுந்திலுள்ள முளைத்துளையை மட்டும் மயிரிழை அளவு உட்பக்கமாகத் தள்ளிப் போட்டிருப்பார்கள். முளை இறங்க இறங்க இணைப்பு தானே இறுகும், பசை தேவைப்படாது. அந்த முளைகள் கையால் பிளந்து சீவியவை என்பதால் முழு வட்டமாக இருப்பதில்லை. சுற்றியுள்ள சட்டம் சுருங்கிவிட்டதால் பல இடங்களில் முளையின் தலை சற்றே துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் தெரியும். எல்லா முளைகளும் ஒரே அச்சாக வட்டமாகவும் மட்டமாகவும் இருந்தால் அது இயந்திரம் வந்த பிறகு செய்த வேலை. பலகையின் உட்புறத்தையும் கை விட்டுத் தடவிப் பாருங்கள். மரத்தை அறுக்காமல் ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, பிளந்து எடுத்த பலகை ஒரு விளிம்பில் தடித்தும் மறு விளிம்பில் மெலிந்தும் இருக்கும்; யாருக்கும் தெரியாத உட்பக்கத்தில் கோடரித் தழும்பு அப்படியே கிடக்கும். வெளிப்பக்கத்தில் அதே பிளவுமுறைதான் வெள்ளிப் பட்டைபோல் மின்னும் கதிர் ரேகைகளைக் கொடுக்கிறது. அப்படிப் பிளந்த பலகை அறுத்த பலகையைவிட மிகக் குறைவாகவே வளையும்.

போர்வை, படுக்கை விரிப்பு, கம்பளி உடை ஆகியவற்றுக்கு இந்தச் சட்டப் பேழையே என் தேர்வு. உள்ளே ஒரு பக்க ஓரத்தில், மேல் விளிம்பை ஒட்டி, சிறு மூடியோடு ஒரு குறுகிய அறை பல பேழைகளில் இருக்கும். சாவி, நாணயம், வாசனைக்கு லாவெண்டர் என்று சிறு பொருள்கள் அதில் இருந்தன. அதன் மூடியைத் தூக்கி நிறுத்தினால் பேழையின் பெரிய மூடி அதன்மேல் சாய்ந்து நிற்கும்படி அமைந்தவையும் உண்டு. அந்த அறை பிடுங்கப்பட்டு, பள்ளத் தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கும் பேழைகளையும் காணலாம். பயன்பாட்டுக்கு அது ஒரு குறையாகாது. விலை பேசும்போது சொல்லலாம்.

சட்டப் பேழைக்கும் ஒரு குறை உண்டு. மூடியும் சட்டமும் பலகையுமாக இருந்தால் மேற்பரப்பு மேடுபள்ளமாகிவிடும். தேநீர்க் கோப்பை வைக்க ஆகாது, தூசி பள்ளங்களில் தங்கும். அதன் மேல் மெத்தை போட்டு இருக்கையாக்கிக்கொள்ளலாம்.

மேல்மூடிப் பேழை எதுவானாலும் அதற்குப் பொதுவான தொல்லை ஒன்று இருக்கிறது. மேலே வைத்ததை எல்லாம் இறக்கினால்தான் திறக்க முடியும். அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளதை எல்லாம் கலைக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு 17ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் கண்ட விடைதான் மூன்றாவது வகை: மேலே மூடியுள்ள பேழை, அடியில் ஒன்றோ இரண்டோ இழுப்பறைகள். நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடியே மறைந்து முழுவதும் இழுப்பறைகளான பெட்டி பரவலானது. இடைப்பட்ட நிலையில் நிற்கிற இந்த வகை, அன்றாடம் எடுத்து வைக்கும் துணிகளுக்கு மிகவும் ஏற்றது. பருவம் மாறினால் மட்டும் எடுக்கும் கனத்த போர்வை மேலே, நாள்தோறும் வேண்டிய துண்டும் விரிப்பும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் முன் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அக்காலத்து இழுப்பறைகள் பல, தம் பக்கப் பலகையில் வெட்டிய பள்ளம் பேழைக்குள் பொருத்திய சட்டத்தின் மேல் சறுக்கும்படி தொங்குபவை. அந்தச் சட்டம் தேய்ந்திருந்தால் இழுப்பறை சாய்ந்து சிக்கும். உயரமும் கூடிவிடுவதால் உட்காருவதற்கு இந்த வகை இசையாது.

அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களும் இதே மரபைத்தான் எடுத்துச் சென்றார்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து சென்ற நுண்தச்சர் வில்லியம் சேர்ல் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச்சில் தொழில் செய்தார். தாமஸ் டென்னிஸும் அவ்வூரில் அதே பாணியைத் தொடர்ந்தார். கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1680களிலிருந்து அடுத்த ஏறத்தாழ அரை நூற்றாண்டு செய்யப்பட்ட ஹாட்லி பேழைகள் இழுப்பறை வகையைச் சேர்ந்தவை. முகப்பு முழுவதும் டியூலிப் பூவும் இலையும், நடுவில் பேழைக்கு உரிய பெண்ணின் பெயர் முதலெழுத்துகளும் செதுக்கியவை. இன்று அவை அருங்காட்சியகப் பொருள்கள். வீட்டுப் புழக்கத்துக்கான ஒப்பீட்டில் வரமாட்டா.

இனி செதுக்கல். விக்டோரியா காலத்தில் பழைய பாணிமேல் எழுந்த மோகத்தால், செதுக்கலே இல்லாத நல்ல பழைய பேழைகளை எடுத்து முகப்பை நிரப்பச் செதுக்கிக் கறுப்பு மெருகு பூசினார்கள். பேழை உண்மையில் 17ஆம் நூற்றாண்டுதான், செதுக்கல் 19ஆம் நூற்றாண்டு. இதைக் கண்டறிய உதவும் நல்ல சான்றை மரப்புழுவே விட்டுச் சென்றிருக்கிறது. புழு மரத்துக்குள்ளே நீள நீளமாகக் குடைகிறது. வண்டாகி வெளியேறும்போது மட்டும் மேற்பரப்பில் சிறு வட்டத் துளை விழுகிறது. செதுக்கலின் பள்ளத்தில் வட்டத் துளைக்குப் பதிலாக வாய்க்கால்போல் நீளத் திறந்த குடைவு தெரிந்தால், புழு தின்ற பிறகே உளி பட்டிருக்கிறது என்று பொருள். அதோடு, முதலிலேயே செதுக்கத் திட்டமிட்ட பேழையில் பலகை தடிமனாக இருக்கும், செதுக்கல் சட்டத்தின் விளிம்புக்குள் அடங்கி நிற்கும். பின்னால் செதுக்கியது மெல்லிய பலகையை இன்னும் மெலியவைத்திருக்கும். வரலாற்று மதிப்பில் இவை தாழ்ந்தவைதாம். ஆனால் அடிப்படைச் சட்டவேலை உறுதியாக இருக்கிறபோது, விலையும் அதற்கேற்பக் குறைவாக இருந்தால், போர்வை வைக்க அவற்றை வாங்குவதில் தவறே இல்லை என்பேன். செதுக்கலுக்காக 17ஆம் நூற்றாண்டு விலை கொடுப்பதுதான் கூடாது.

எந்த வகையானாலும் எதை உள்ளே வைக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓக் மரம் எத்தனை ஆண்டு ஆனாலும் அசெட்டிக் அமில ஆவியைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது; ஈயப் பொருள்களை அது அரித்துவிடும் என்பதால்தான் அருங்காட்சியகங்கள் ஓக் பெட்டிகளில் அவற்றை வைக்கத் தயங்குகின்றன. பழைய புகைப்படங்களும் கடிதங்களும் இதற்குள் வேண்டாம். பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பட்டுப்புடவைக்கு இப்படியொரு பேழையை எண்ணுவது இயல்புதான். மரம் நேரடியாகப் பட்டால் பட்டு நாளடைவில் மஞ்சளிக்கும். பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டியால் பேழையின் உட்புறத்தை முழுவதும் மூடி, ஒவ்வொரு புடவையையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் சட்டப் பேழையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெடிப்புள்ள பலகைப் பேழை இதற்கு வேண்டாம்.

விளையாட்டுப் பொருள் வைக்கும் பெட்டியாக மூன்றில் எதையும் நான் ஏற்கமாட்டேன். மூடியின் எடை பெரியவரின் விரலையே நசுக்கிவிடும். அக்கால இரும்பு வளையக் கீல்கள் பெரும்பாலும் தேய்ந்தவை, திடீரென விட்டுவிடக் கூடியவை. குழந்தை உள்ளே ஏறி மூடிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. விறகு வைக்கும் பெட்டியாக்குவதும் தவறு, ஏனெனில் விறகோடு வண்டும் வரும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலகைப் பேழைக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு இருக்கிறது. வெப்பக்குழாயின் அருகில் எதையும் வைக்கக்கூடாது என்றாலும், சட்டப் பேழை சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆணியடித்த பலகைப் பேழை ஒரே குளிர்காலத்தில் புதிதாக வெடித்துவிடும். ஈரத்தரை இரண்டுக்குமே பகை. பல நூற்றாண்டுகள் கல்தரையில் நின்றதால் கால்களின் அடி உளுத்து, அறுத்து ஒட்டுப் போட்ட பேழைகள் ஏராளம். ஒட்டு நேர்த்தியாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். வாங்கி வந்ததும் பேழையின் கீழே கறுப்புத் தாள் ஒன்றை விரித்துவைத்து, மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை அவ்வப்போது பாருங்கள். வெளிர்நிறப் பொடி புதிதாக விழுந்திருந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. துணியை வைப்பதற்கு முன்பே மருந்திட வேண்டும்.