மானை வரவழைக்கும் தாது உப்புப் பொடி: ஒரு பருவம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன்

மான் வந்ததா என்று கேட்டால், வந்தது, நிறையவே வந்தது. ஆனால் பொடி வரும் வாளி மேலே பெரிய கொம்பு மான் படம் போட்டு விளம்பரம் எழுதியிருக்கிறார்களே, அதை நம்பி வேட்டை நாளில் இதன் பக்கத்தில் பரண் கட்டி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

போடுவது சுலபம். புல்லைச் செதுக்கி, மண்ணை ஒரு சாண் ஆழம் கிளறி, பொடியைக் கலந்துவிட வேண்டும். மழையில் உப்பு மண்ணோடு இறங்கிவிடும், அப்புறம் மான்கள் அந்த மண்ணையே தின்னும். முதல் பத்து நாள், அங்கே வைத்த தானியங்கிக் கேமராவில் ஒன்றும் விழவில்லை. அதற்குப் பிறகு குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண் மான்கள், கொஞ்ச நாளில் கொம்பில் இன்னும் மென்தோல் உரியாத ஆண் மான்கள், எல்லாம் வரிசையாக வந்து கோடை முடிவதற்குள் அங்கே ஒரு குழியே விழுந்துவிட்டது. காரணம் வாசனை இல்லை, உப்புதான். வசந்தகாலத் தளிரில் தண்ணீரும் பொட்டாசியமும் அதிகம், சோடியம் குறைவு. அதனால் அந்த மாதங்களில் மானுக்கு உப்பு வெறி. இலை முற்றி, காட்டில் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் அந்தத் தேவை இறங்கிவிடுகிறது. எனக்கு வேட்டைப் பருவம் திறந்த வாரத்தில் மிச்சமிருந்த வரத்தும் நடுராத்திரியில்தான்.

கொம்பு வளர்க்கும் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பது சாதா உப்பு, கொம்புக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் கொஞ்சம்தான். கொம்பு வயதையும் மேய்ச்சலையும் வம்சத்தையும் பொறுத்தது. ஆப்பிள் வாசனை வேறு சேர்த்திருக்கிறார்கள், அதற்கு மானைவிடப் பன்றிதான் முதலில் வந்து மண்ணைப் புரட்டியது.

எந்தெந்த மான் அந்தப் பக்கம் நடமாடுகிறது என்று கோடையில் கேமராவில் கணக்கெடுக்க இது நல்ல பொருள், அதற்காக மறுபடியும் வாங்குவேன். பரணை மட்டும் தள்ளி, மான் படுக்கும் புதருக்கும் மேயும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடத்தில், நம் வாடை தடத்தின் மேல் அடிக்காத பக்கமாகக் கட்டுங்கள்.

வாங்கும் முன், இப்படி உப்புப் போட அனுமதி உண்டா என்று உங்கள் பகுதிச் சட்டத்தைப் பாருங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். 1967இல் கொலராடோவில் முதலில் கண்ட மான் உருக்கி நோய்க்கு (Chronic Wasting Disease) மருந்தே கிடையாது. அதைப் பரப்பும் பிரியான் என்ற உருமாறிய புரதம் எச்சில், சிறுநீர் வழியே மண்ணில் இறங்கி வருடக்கணக்கில் கிடக்கும். ஒரே குழியில் இத்தனை மான் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் தென்பட்ட பகுதி என்றால் சட்டம் அனுமதித்தாலும் நான் போட மாட்டேன். வேட்டைப் பருவத்துக்கு முன், மானை ஈர்க்கப் போட்டதை அகற்ற வேண்டும் என்ற விதி உள்ள இடங்களில் இன்னொரு சிக்கல்: உப்புக் கட்டியாக வைத்திருந்தால் தூக்கிவிடலாம், பொடி என்றால் அந்த மண்ணையே வெட்டி எடுக்க வேண்டிவரும்.