குழந்தையின் எடையைக் கேட்காமல் மருந்து எழுதும் மருத்துவமனைகள்: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

காய்ச்சலும் காயமும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தால், எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் எந்தப் பெற்றோரும் ஓடுவார்கள். அப்படி ஓடிய இடத்தில் எங்கள் இரு பிள்ளைகளுக்கும் நடந்ததை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நோயாளியை நிமிர்ந்து பார்க்காமலேயே சீட்டு எழுதும் பழக்கம் ஒரே கட்டடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை.

முதலில் மூன்று வயதான சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்து வாயில் புண்களும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளங்களும் கிளம்பின. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கை-கால்-வாய் நோய் என்றார். அது சரியான கணிப்புத்தான். ஆனால் எடை பார்க்கும் கருவி அறையின் மூலையிலேயே இருந்தும், குழந்தையை அதன்மீது யாரும் நிறுத்தவில்லை. சீட்டில் எடைக்கென அச்சிடப்பட்டிருந்த இடம் காலியாகவே இருக்க, அதன்கீழே பாராசிட்டமால் சிரப் 5 மில்லி வீதம் நான்கு வேளை என்றும், கூடவே ஓர் ஆன்டிபயாடிக், ஒரு சளி மருந்து என்றும் எழுதப்பட்டிருந்தன. அவளுக்குச் சளியே இல்லை.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் ஒரே வீரியத்தில் வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் கொண்டதும் இருக்கிறது, 250 மில்லிகிராம் கொண்டதும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கக்கூடும். எனவே வீரியத்தைக் குறிப்பிடாமல் ‘5 மில்லி’ என்று மட்டும் எழுதினால், குழந்தையின் உடலுக்குள் எவ்வளவு மருந்து போகிறது என்பதை மருந்தகத்தில் புட்டியை எடுத்துக் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். மருத்துவமனைக்குள்ளேயே இருந்த மருந்தகம் எங்களுக்கு 250 மில்லிகிராம் புட்டியைக் கொடுத்தது. முன்பு வாங்கி வைத்திருந்த புட்டியிலிருந்து இது வேறு என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இரண்டு புட்டிகளும் அருகருகே இருந்ததால் மறுநாள் காலையில் என் கணவர் கவனித்தார். தொலைபேசியில் கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணுதாங்க, இது கொஞ்சம் ஸ்ட்ராங்கு, காய்ச்சல் சீக்கிரம் எறங்கும்” என்று பதில் வந்தது.

இரண்டும் ஒன்றல்ல. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே குழந்தைகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. என் மகளின் எடை 12 கிலோ. ஆகவே அவளுக்கு 120 முதல் 180 மில்லிகிராம் போதும். சீட்டில் உள்ளபடி நான்கு வேளையும் 250 மில்லிகிராம் கொடுத்திருந்தால், ஒரு நாளில் 1,000 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 83 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். இது கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்ற தாராளமான மேல்வரம்பையே தாண்டுகிறது. போதாததற்கு, அந்தச் சளி மருந்தின் உறையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பாராசிட்டமால் சேர்ந்திருந்தது. அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாளில் அதன் அறிகுறி வெளியே தெரியாமலும் இருக்கலாம். வேறொரு குழந்தைநல மருத்துவரிடம் உடனே காட்டினோம். கொடுக்கப்பட்ட மொத்த அளவைக் கணக்கிட்டுப் பார்த்து, பயப்படத் தேவையில்லை என்று அவர் சொன்ன பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆன்டிபயாடிக்கையும் அவர் நிறுத்தச் சொன்னார். இந்த நோயை உண்டாக்குபவை காக்ஸாகி ஏ16 முதலான வைரஸ்கள்; வைரஸின்மீது ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வாய்ப்புண் வலியால் குழந்தை எதையும் விழுங்க மறுத்து உடலில் நீர் வற்றிப்போவதுதான் இதில் அஞ்ச வேண்டியது. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று அவர் கேட்ட முதல் கேள்வியை, முந்தைய இடத்தில் ஒருவரும் கேட்கவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அதே மருத்துவமனைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். எட்டு வயதான பெரியவன் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த மாலையில், அருகில் வேறு எங்கும் அவசரப் பிரிவு திறந்திருக்கவில்லை. முதலில் சுளுக்கு என்று சொல்லித் துணிக்கட்டு போட்டு அனுப்பினார்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் உள்ள வளர்தகடு, அதாவது எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பகுதி, மூட்டு நார்களைவிட வலுக் குறைந்தது. அதனால் பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிகிற விழுகை, பிள்ளைகளுக்கு எலும்பு முறிவாக இருக்கக்கூடும். வலி குறையாமல் மறுநாள் திரும்பிப் போனபோதுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள், அதுவும் ஒரே கோணத்தில். கை நன்றாக வீங்கியிருந்த நிலையிலேயே முழங்கை வரை சுற்றி இறுக்கமாக மாவுக்கட்டு போட்டு, அறுவை சிகிச்சை தேவைப்படலாம், முன்பணம் கட்டி நாள் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எக்ஸ்ரே படத்தைக் கேட்டதற்கு, அது தங்கள் பதிவில் இருக்கும் என்று மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புதான் எங்களைப் பணம் கட்டவிடாமல் தடுத்தது.

அன்றிரவு அவனுடைய விரல்கள் உப்பி நீலம் பாரித்தன. விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறினான். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் சட்டென்று சிவப்புக்குத் திரும்பவில்லை. தொலைபேசியை எடுத்த செவிலியர், “மொத நாள் வலி இருக்கத்தாம்மா செய்யும், காலைல டாக்டர் வந்ததும் கூட்டிட்டு வாங்க” என்றார். மாவுக்கட்டு போட்ட கையில் வலி நேரம் ஆக ஆகக் கூடுவதும், விரல்கள் சில்லிட்டு மரத்துப்போவதும், நீலமாகவோ வெளிறியோ மாறுவதும் காலைவரை காத்திருக்கத் தக்கவை அல்ல. வீக்கத்துக்கு இடமில்லாத கட்டுக்குள் அழுத்தம் ஏறினால் தசைக்கும் நரம்புக்கும் போகும் இரத்தம் தடைபடும். சில மணி நேரத் தாமதமே நிரந்தரச் சேதத்தில் முடியலாம். முதல் சில நாட்களில் வீக்கம் கூடும் என்பதால்தான், பல மருத்துவர்கள் தொடக்கத்தில் ஒரு பக்கம் திறந்த அரைக்கட்டு மட்டும் போடுகிறார்கள்.

நள்ளிரவில் தொலைவிலிருந்த அரசு மருத்துவமனைக்கு விரைந்தோம். அங்கே கேள்வி கேட்பதற்கு முன்பே கட்டை வெட்டிப் பிளந்தார்கள், நிறம் திரும்பியது. பிறகு நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் ஓரம் சற்றே புடைத்திருக்கும் சிறு முறிவுதான் இது, கழற்றி மாட்டக்கூடிய பட்டையோடு சுமார் மூன்று வாரங்களில் கூடிவிடும், அறுவை சிகிச்சைக்கு இதில் வேலையே இல்லை என்று படத்தைக் காட்டி விளக்கினார்கள். அப்படியே கூடியது. இடையில் தங்கையிடமிருந்து கொப்புளங்கள் அவனுக்கும் தொற்றி, பட்டைக்குள் கை அரித்துப் படாத பாடு பட்டான் என்பது தனிக் கதை.

முதல் மருத்துவமனையின் கட்டணச் சீட்டை நிதானமாகப் படித்தபோது, மணிக்கட்டு அடிபட்ட பையனுக்கு, மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகையாக உள்ளிழுக்கத் தரும் நெபுலைசர் வைத்ததாகவும் பணம் வசூலித்திருந்தது தெரிந்தது. அதை மட்டும் கணினிப் பிழை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

மற்றவற்றுக்காக எழுத்து மூலம் புகார் கொடுத்து, பிள்ளைகள் இருவரின் மருத்துவக் குறிப்புகளுக்கும் நகல் கேட்டோம். நீங்களும் கேளுங்கள், அதற்கு முன், கையில் தரப்படும் ஒவ்வொரு சீட்டையும் அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டில் காலியாக இருந்த எடை, அவர்கள் கொடுத்த நகலில் 18 கிலோ என்று நிரப்பப்பட்டிருந்தது. 18 கிலோ குழந்தைக்கு 250 மில்லிகிராம் பொருத்தமான அளவுதான். இரண்டு தாள்களையும் மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்திருக்கிறது, விசாரணை இன்னும் தொடங்கவில்லை.