60 யூனிட்டுக்கு ஐந்து வருடம்: என் கம்யூனிட்டி காலேஜ் அனுபவம்

மதுரையில் முடித்த மூன்று வருட பி.காம்., கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைத்த எச்-4 விசா, இடுப்பில் ஒரு குழந்தை. கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது இவ்வளவுதான். உரிமம் பெற்ற கணக்காளர் ஆவதற்கான சிபிஏ உரிமத்துக்கு 150 செமஸ்டர் யூனிட் கேட்டார்கள். யூனிட் என்பது படித்த பாடத்தின் அளவு. என் டிகிரியை மதிப்பிட்டவர்கள் 90 என்று எழுதித் தந்தார்கள். மீதி 60ஐ யூனிவர்சிட்டியில் படிக்கக் கட்டுப்படியாகாது என்பதால் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய உள்ளூர் அரசுக் கல்லூரியில், சேர முடிவெடுத்தேன்.

உடனே சேரவில்லை. மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டினால் யூனிட்டுக்கு 46 டாலர். இல்லாவிட்டால் அதைப்போலப் பல மடங்கு. எச்-4 காரர்களும் இந்தக் குறைந்த கட்டணத்தைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிரைவிங் லைசென்ஸ், வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்துக் காத்திருந்தேன். மூன்று யூனிட் பாடம் 138 டாலருக்கு முடிந்தது. ஆனால் இன்டர்மீடியட் அக்கவுண்டிங் புத்தகத்தின் விலையைப் பார்த்துத் தலை சுற்றியது. அதன்பிறகு புத்தகச் செலவே இல்லை என்று குறித்திருக்கும் வகுப்புகளைத்தான் முதலில் தேடுவேன்.

முதல் செமஸ்டர் வாரம் ஒரு நாள் மாலை வகுப்பு. வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வரத் தாமதமானால் அன்றைய பாடம் போச்சு. அப்புறம் ஆன்லைனுக்கு மாறினேன். குழந்தை தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு காலேஜின் ஆன்லைன் பாடத் தளமான கான்வாஸைத் திறந்தால் போதும் என்ற வசதி பெரிய வரம். ஆனால் ஒருமுறை நாத்தனார் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன வாரம் செமஸ்டர் தொடங்கியது. 'வீடியோதானே, வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். முதல் வார அறிமுகப் பதிவைக்கூடப் போடாததால் வராதவர் கணக்கில் என்னை டிராப் செய்துவிட்டார் பேராசிரியர். என் இடம் வெயிட்லிஸ்டில் இருந்தவருக்குப் போயிருக்கும். தப்பு என்மேல்தான்.

எட்டு வாரப் பாடத்தில் பட்டது அதைவிட அதிகம். முழு செமஸ்டரில் வாரம் ஒன்பது மணி நேரம் கேட்கும் மூன்று யூனிட் பாடம் அதில் பதினெட்டு மணி நேரம் கேட்கிறது. பாடத்தில் ஒரு பக்கம்கூடக் குறையாது. மூன்றாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல்; நான்கே நாளில் இரண்டு அத்தியாயம் பின்தங்கிவிட்டேன். கடைசித் தேதிக்கு முன்னால் விலகியதால் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' மட்டும் விழுந்தது. அது மதிப்பெண் சராசரியைத் தொடாது, ஆனால் ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) உட்கார்ந்திருக்கும். பணமும் திரும்பவில்லை. பொருளாதாரம் மாதிரி எனக்கு ஏற்கெனவே பழக்கமான பாடத்தை மட்டும் எட்டு வாரத்தில் எடுப்பேன், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

வரிப் பாடம் எங்கள் காலேஜில் அந்த செமஸ்டர் இல்லை. மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களின் ஆன்லைன் வகுப்புகளைக் காட்டும் கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் தளத்தில் தேடி, தெற்கே வேறொரு காலேஜின் ஆன்லைன் வகுப்பில் அதே 46 டாலர் கணக்கில் சேர்ந்தேன். அங்கிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் தனியாக வரவழைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கிளெப் தேர்வு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வகுப்புக்கே போகாமல் ஒன்றரை மணி நேரத் தேர்வு எழுதி, 50 வாங்கினால் பல காலேஜ்களில் யூனிட் கிடைக்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தில் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் தருகிறார்கள். மேக்ரோ எகனாமிக்ஸை நான் இப்படித்தான் முடித்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா தன் பையனுக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். அவன் கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறப்போகிறவன். அவர்கள் கிளெப்பை ஏற்பதில்லை. மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகக் குழுமமான கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஏற்கிறது. போகப்போகும் இடத்தில் கேட்காமல் தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள்.

எனக்கு இன்னும் ஆறு யூனிட் பாக்கி. ஆடிட்டிங் வகுப்பின் வெயிட்லிஸ்டில் இரண்டாவதாக நிற்கிறேன். இந்த முறை முதல் வாரம் எங்கேயும் ஊருக்குப் போவதாக இல்லை.