ஆறு கோழிக்கு ஒரு கூடு: ஓரிரு மழைக்காலம் தாண்டியபின் தெரியும் சங்கதிகள்

புதுக் கூட்டில் குறை எதுவும் கண்ணில் படாது. முதலில் கைவிடுவது வலைதான். அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவே. கீரியோ மரநாயோ பல்லால் பிடித்து இழுத்தால் முறுக்குப் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) விலை கூடுதல்தான். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டேப்லர் ஊசி நாளடைவில் கழன்றுவிடும் என்பதால் வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். வலையின் அடியை வெளிப்பக்கமாக 1 அடி மடித்து மண்ணுக்குள் படுக்க வைக்க வேண்டும். தோண்டிக்கொண்டு வரும் பிராணி சுவரோரமாகத்தான் தோண்டும். அங்கே வலை தட்டினால் விட்டுவிடும்.

உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடி. நெருக்கினால் ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கும்.

முட்டைப் பெட்டி 12 அங்குலச் சதுரம், நாலைந்து கோழிக்கு ஒன்று போதும். இரவில் அடையும் கட்டை அதைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே தூங்கி, முட்டையெல்லாம் எச்சமாகிவிடும். கட்டையை ஆணி அடித்து இறுக்காதீர்கள், கழற்றி எடுக்கிற மாதிரி காடியில் வையுங்கள். காரணம் செஞ்செள்ளு, அதாவது கட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து கோழியின் இரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி. பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. இருட்டியபின் கட்டையின் அடியில், முனை பொருந்தும் இடுக்கில், வெள்ளைக் காகிதத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் இரத்தம் குடித்த செள்ளு உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம்.

காற்றோட்டத்துக்கான திறப்பு கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தால் அமோனியா சேர்ந்துவிட்டது, தரையில் பரப்பிய கூளத்தை மாற்றுங்கள்.

தீவனம் ஒரு முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம், ஆறுக்கும் மாதம் சுமார் 20 கிலோ. புரதம் 16 சதவீதம் இருந்தால் சரி. இந்தத் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 16 முதல் 18 வாரம் ஆகும்வரை குஞ்சுத் தீவனமும் வளர்தீவனமும்தான். தோல்முட்டை (ஓடு கெட்டிப்படாத முட்டை) வந்தால் தீவனத்தில் எதையும் கலக்காமல், கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். மிச்சச் சோறு, தானியம் எல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முட்டை குறையும்.

தீவனத் தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வர வேண்டும். தாழ்வாக இருந்தால் அலகால் வாரி இறைக்கும். அந்தச் சிதறல்தான் எலிக்கு அழைப்பு. மேஷ் தீவனம் (அரைத்துக் கலந்த தீவனம்) என்றால் பெரிய துணுக்கைப் பொறுக்கித் தின்றுவிட்டு அடியில் தூளை விட்டுவிடும். வைட்டமினும் தாதும் பெரும்பாலும் அந்தத் தூளில்தான். உலர்ந்தபடியே கொட்டாமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்தால் வழித்துத் தின்னும். பிசிறியதைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள், புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.