உப்புத் தண்ணீர் ஊருக்கு வடிகலனா, சோலார் ஆர்ஓவா?

கிணற்றில் தண்ணீர் உண்டு, வாயில்தான் வைக்க முடியாது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு வெயிலை வைத்தே இரண்டு வழிகள் இருக்கின்றன.

பழையது சூரிய வடிகலன். கறுப்புத் தொட்டியில் உப்புநீர், மேலே சாய்வாகக் கண்ணாடி. ஆவி கண்ணாடியில் படிந்து ஓரத்துக் குழாயில் வழியும். உப்பு, ஃபுளோரைடு எல்லாம் அடியிலேயே தங்கிவிடும். பம்பும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம். சிலியின் லாஸ் சலினாஸ் சுரங்கத்தில் 1872-லேயே இதைப் பெரிய அளவில் கட்டிவிட்டார்கள். சிக்கல் இடம்தான். அங்கே ஏறக்குறைய 4,700 சதுர மீட்டர் கண்ணாடிக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 23,000 லிட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர்கூட இல்லை! அந்தத் தண்ணீரும் சப்பென்று இருக்கும். கொஞ்சம் கிணற்று நீரைக் கலந்துதான் குடிக்க வேண்டும்.

சோலார் ஆர்ஓ அப்படியல்ல. சூரிய மின்சாரத்தில் ஓடும் பம்பு உப்புநீரை மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியே அழுத்தித் தள்ளும், தங்கும் உப்பு கழிவுநீரோடு வெளியேறும். ராஜஸ்தானில் சாம்பார் உப்பு ஏரிக்கு அருகே கோட்ரி கிராமத்தில் 2006-இல் வைத்த நிலையம், 2.5 கிலோவாட் பேனலில் மணிக்குச் சுமார் 600 லிட்டர் தந்தது. ஆனால் மெம்பிரேன் சில ஆண்டுகளில் தேயும், மாற்றப் பணம் வேண்டும். வெளியேறும் கழிவுநீரை எங்கே விடுவது? கிணற்றோரம் விட்டால் உப்பு திரும்ப கிணற்றுக்கே வரும்.

என் கணக்கில், பத்து இருபது வீடுள்ள தனித்த குடியிருப்புக்கு வடிகலன் போதும். நூறு வீடு என்றால் ஆர்ஓதான், அதுவும் உள்ளூரிலேயே பழுது பார்க்க ஒருவர் இருந்தால்.